நம்ம பையனுக்குக் கிடைத்த அறை

ஆள் எடுக்கும் வேலையில் ரொம்ப காலமாக இருக்கிறேன். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் நடுத்தர அளவில் ஒரு நிறுவனம், கிடங்கும் சரக்குப் போக்குவரத்தும் தொழில். நேர்முகம் முடிந்து வந்தவர் வெளியே போனதும், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மூன்று பேரில் ஒருவர் "இவர் நமக்குச் சரியா வருவார்" என்பார். ஏன் என்று கேட்டால் பதில் தடுமாறும். படிப்பு, அனுபவம், கேட்கும் சம்பளம் எல்லாவற்றிலும் காலையில் வந்த இன்னொருவரும் இவருக்குச் சமம்தான், ஆனாலும் இவர்தான் சரியாக வருவார். கொஞ்சம் தோண்டினால் விஷயம் வெளியே வரும். இருவரும் ஒரே பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்திருப்பார்கள், அல்லது கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் ஒரே பிரிவில் இருந்திருப்பார்கள், அல்லது வந்தவரும் கேள்வி கேட்டவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்ரிச்சி நீர்த்தேக்கம் பக்கம் ஓடுகிறவர்களாக இருப்பார்கள். யார் மனத்திலும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. வேலை கிடைக்காமல் போனவர் மீது யாருக்கும் கோபம் கிடையாது, சொல்லப்போனால் அவரை அதற்குள் மறந்தே போயிருப்பார்கள்.

அமெரிக்காவில் லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் இதையே விரிவாகப் பார்த்திருக்கிறார். பெரிய முதலீட்டு வங்கிகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்கள் 120 பேரைப் பேட்டி கண்டு 2012இல் வெளியிட்டார். பொழுதுபோக்கு, வளர்ந்த விதம், பேசும் தோரணை ஆகியவற்றில் தங்களைப் போல இருப்பவரைத்தான் அவர்கள் தேடியிருக்கிறார்கள், சில சமயம் வேலைத் திறனைவிட அதற்கே கூடுதல் மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். படித்தபோது எங்கள் அலுவலகத்துக் கூட்ட அறை அப்படியே கண்முன் வந்தது.

பாகுபாடு என்றதும் நாம் தேடுவது வெறுப்பை. யார் திட்டினார், யார் கேலி செய்தார், யார் முகத்தைச் சுளித்தார் என்று பார்க்கிறோம். அதெல்லாம் நடக்காமல் இல்லை, நடந்தால் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் நான் பார்த்தவரை ஒருவருக்கு வேலை, வீடு, பதவி உயர்வு கிடைக்காமல் போவதில் பெரும்பகுதி, இன்னொருவர் மீது யாரோ வைத்த பிரியத்தால் நடக்கிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். "நம்ம ஆளுக்கு நாம செய்யாம வேற யாரு செய்வாங்க?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் விளக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

சித்தப்பா மகனின் பையன் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பொறியாளர் வேலைக்கு இங்கே வந்தான். அவனுக்கு ஓர் அறை தேடிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்த ஊரில் அறை தேடிய இந்தியர் யாரிடம் கேட்டாலும் கதையின் முதல் பாதி ஒன்றுதான். விளம்பரத்தைப் பார்த்து ஏஜென்டுக்கு அழைத்தால், எத்தனை பேர், எப்போது வருகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னாலேயே "பையன் என்ன இனம்?" என்று கேட்பார். இந்தியர் என்றால் குரல் இறங்கும். "சாரி லா, ஓனர் சீனர்களைத்தான் எதிர்பார்க்கிறார்." சிலர் சமையலைக் காரணம் சொல்வார்கள், சிலர் அறை போய்விட்டது என்பார்கள், அடுத்த வாரமும் அதே விளம்பரம் அங்கேயே இருக்கும். 2014இல் பிபிசி செய்தி வெளியிட்டபோது, விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். இப்போது எழுதுவது குறைந்திருக்கிறது, போனில் சொல்வது குறையவில்லை.

கடைசியில் ஈசூனில் ஒரு தமிழர் வீட்டில் அறை கிடைத்தது. ஓய்வு பெற்ற பெரியவர், மனைவி, மூன்று படுக்கையறை உள்ள வீடு. உட்காரச் சொல்லி காப்பி கொடுத்துவிட்டு முதல் கேள்வியாக, "எந்த ஊரு தம்பி?"

"பட்டுக்கோட்டை பக்கம் அங்கிள்."

"அட, எங்கப்பா ஒரத்தநாடு. அங்கிருந்து எவ்வளவு தூரம், எட்டிப்பிடிக்கிற தூரம்தானே!"

அவ்வளவுதான். முன்பணத்தைப் பிறகு கொடுத்தால் போதும் என்றார். வாடகையில் ஐம்பது வெள்ளி (டாலர்) குறைத்தார். அவர் மனைவி, "சனிக்கிழமை எங்களோடு சாப்பிடு" என்றார். அந்த மாலை முழுக்க, இந்தியர்களுக்கு வீடு தரமாட்டேன் என்கிறவர்களைப் பற்றிப் பெரியவர் மனம் வெந்து பேசினார். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருடைய மகனுக்கே கல்யாணமான புதிதில் வாடகை வீடு தேடும்போது அப்படி நடந்திருக்கிறது. கிளம்பும்போது பையன் தயங்கித் தயங்கி, கூட வேலை பார்க்கும் ஒருவனும் அறை தேடுகிறான், பாட்னாக்காரன், ரொம்ப அமைதியானவன், பக்கத்து அறையும் காலியாக இருக்கிறதே என்று கேட்டான். பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்திக்காரப் பையன் வேண்டாம்மா. தப்பா எடுத்துக்காதே. நமக்கு அது ஒத்து வராது. தமிழ்ப் பையன் யாராவது இருந்தா சொல்லு."

அவர் நல்ல மனிதர். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன், பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது பாலிகிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அந்த நல்ல குணத்தின் உள்ளேயே மற்ற விஷயமும் இருக்கிறது என்பதுதான் என் வாதம். அவர் யாரையும் வெறுக்கவில்லை. தன்னைப் போன்ற ஒருவனுக்கு அன்பு காட்டினார். ஆனால் அந்தப் பாட்னாப் பையனின் பக்கமிருந்து பார்த்தால், சீன வீட்டுக்காரர் சொன்ன "இல்லை"யும் இவர் சொன்ன "இல்லை"யும் ஒன்றேதான். காரணம் இனிப்பானதா கசப்பானதா என்பது அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் படுக்க இடம் கிடைத்துவிடாது.

உளவியலாளர்கள் ஆண்டனி கிரீன்வால்ட், தாமஸ் பெட்டிக்ரூ இருவரும் 2014இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதையே அமெரிக்கச் சூழலுக்குச் சொன்னார்கள். அங்கே நடக்கும் பாகுபாட்டை விளக்க வெளியாள் மீதான பகைமை தேவையில்லை, உள்ளாள் மீதான சலுகையே போதும் என்பது அவர்கள் வாதம். எதிரி என்று யாரும் இல்லாமலேயே ஒரு கூட்டம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்க முடியும்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. எல்லா இனத்தவரும் தங்கள் ஆள் மீது சரிசமமான பிரியம் வைத்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம், யாரும் யாரைவிடவும் மோசமில்லை. அப்போதும் விளைவு சமமாக இருக்காது. சீனர் ஒருவர் தன்னைப் போன்ற வீட்டுக்காரரைத் தேடினால் முக்கால்வாசிக் கதவுகள் திறக்கும். வாடகைக்கு இடம் தேடுவோரில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், அதில் இந்தியர்கள் ஏராளம். அவர்களுக்குத் திறப்பவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு, அதற்குள்ளும் தமிழர், தெலுங்கர், வடக்கத்தியர் என்று இன்னும் சல்லடை போட்டாகிறது. ஒரே அளவு பிரியம், ஆனால் சிறுபான்மையினர் கட்டும் விலை அதிகம். "எல்லாரும்தான் அவங்க ஆளுக்குச் செய்யறாங்க" என்று சொல்லி நாமும் அதே ஆட்டத்தை ஆடினால் நஷ்டம் நமக்கே அதிகம் என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

சரி, ஒரு மனிதர் இன்னொருவரிடம் தன் சாயலைக் கண்டால் மனம் இளகுகிறது, இது இயல்புதானே, இதை என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் செய்த சோதனைகளைப் படித்த பிறகு, சாயல் அல்ல பெரிய சக்தி, வேறு ஒன்று இருக்கிறது என்று தோன்றியது.

தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது, பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போலந்து யூதர் என்பது வெளியே தெரியாமல் பிரெஞ்சுக் கைதியாகவே இருந்து உயிர் பிழைத்தார். போர் முடிந்து திரும்பியபோது அவருடைய குடும்பத்தில் ஏறக்குறைய யாரும் இல்லை. மனிதர்களைப் பிரித்து அடுக்க எவ்வளவு சின்னக் காரணம் போதும் என்ற கேள்வியை அவர் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை வைத்து அவர் நடத்திய சோதனைகள் 1970, 1971ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ஒன்றில் திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று ஊகிக்கச் சொன்னார்கள். இன்னொன்றில் பால் கிளே, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். அப்புறம், நீ இந்தக் குழு, அவன் அந்தக் குழு என்று சொன்னார்கள். யார் தன் குழுவில் என்று எந்தப் பையனுக்கும் தெரியாது, எண் மட்டும் தெரியும். தனக்குத் தானே எதுவும் கொடுத்துக்கொள்ள முடியாது. முகம் தெரியாத இரண்டு பேருக்குக் காசாக மாறும் புள்ளிகளைப் பகிர வேண்டும், அவ்வளவே. தன் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்தது. ஓர் அட்டவணையில் தன் குழுவுக்கு 19 கொடுத்தால் அடுத்த குழுவுக்கு 25 போகும், 13 கொடுத்தால் அவர்களுக்கும் 13, 7 கொடுத்தால் அவர்களுக்கு 1. தன் ஆளுக்கு நல்லது செய்ய நினைப்பவன் 19ஐத்தானே எடுக்க வேண்டும்? எடுக்கவில்லை. தன் ஆள் அடுத்தவனைவிட ஒரு படியாவது மேலே நிற்கும் இடத்தை நோக்கிச் சாய்ந்தார்கள், அதற்காகத் தன் ஆளுக்குக் கிடைக்கக்கூடியதையே குறைத்துக்கொண்டார்கள்.

ஒரே ஓவியம் பிடித்தவர்கள் என்ற ஒற்றுமைதான் இதற்குக் காரணமா? மைக்கேல் பில்லிக்கும் தாஜ்ஃபெலும் 1973இல் அதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சில மாணவர்களிடம் உங்கள் ரசனை ஒத்துப்போகிறது என்று மட்டும் சொன்னார்கள், குழு என்ற பேச்சையே எடுக்கவில்லை. வேறு சிலரிடம் நாணயத்தைச் சுண்டிப் பிரித்திருக்கிறோம், உங்களுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லி, ஆனால் குழுவாக்கினார்கள். ரசனை ஒத்துப்போனதற்கும் ஓரளவு விளைவு இருந்தது. ஆனால் நாணயம் சுண்டிப் பிரித்த குழுக்களில் பாரபட்சம் அதைவிட அதிகம். நம் குழு, அவர்கள் குழு என்று பிரிக்கும் கோடுதான் முதலில் வேலை செய்கிறது. ஒற்றுமை அந்தக் கோட்டுக்குத் துணை சேர்க்கிறது.

இதை வைத்து ஈசூன் பெரியவரைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். அந்தப் பையனுக்கும் அவருக்கும் உண்மையில் எவ்வளவு ஒற்றுமை? இவன் 24 வயது, கணினி வழியாக வேலை, கையில் போனை எடுத்தால் கீழே வைக்கமாட்டான், இங்குள்ள தமிழ்ப் பேச்சு அவனுக்குப் பாதி புரியவில்லை. பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், மலாய் சரளமாகப் பேசுவார், ஒரத்தநாட்டுக்கு வாழ்க்கையில் எப்போதோதான் போயிருக்கிறார். பழக்கவழக்கத்தை வைத்துப் பார்த்தால் மாடியில் இருக்கும் மலாய்க்காரக் குடும்பத்தோடுதான் அவருக்கு ஒற்றுமை அதிகம், நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் இங்கே வரும், தீபாவளிக்கு முறுக்கு அங்கே போகும். அப்படியிருந்தும் ஓர் ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. யார் இருவரை நிறுத்தினாலும் ஒற்றுமை நூறு இருக்கும், வேற்றுமை நூறு இருக்கும். எதை எண்ணுவது என்பதை அந்தக் கோடு சொல்கிறது.

இதனால்தான் ரொம்ப நெருக்கமாக இருப்பவர்களுக்குள்ளேயே பகை முற்றுவதும் நடக்கிறது. உளப்பகுப்பாய்வாளர் பிராய்டு 1930இல் ஸ்பானியரையும் போர்த்துகீசியரையும், ஆங்கிலேயரையும் ஸ்காட்லாந்துக்காரரையும் உதாரணம் காட்டி, பக்கத்துப் பக்கத்து மக்கள் சின்ன வித்தியாசங்களைப் பிடித்துக்கொண்டு மோதுவதைப் பற்றி எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்றால் போதும். இங்கேயே பிறந்த தமிழர்கள் "இந்தியாவிலேர்ந்து வந்தவங்க" என்று சொல்லும் தொனியைக் கேட்கலாம், வந்தவர்கள் "லோக்கல் தமிழருக்குத் தமிழே வராது" என்று சொல்வதையும் கேட்கலாம். ஒரே கோயில், ஒரே மளிகைக்கடை, ஒரே மொழி. பெரும்பான்மையினரின் பார்வையில் இருவரும் ஒரே இந்தியர்தான், ஏஜென்ட் இருவருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறார். ஆனால் உள்ளே அலுவலகத்தில் ஒரு குழுவுக்கு மேலாளராக இவர் வந்தால் அவருக்குப் பிடிப்பதில்லை. உள்ளூர்க்காரர்களின் கோபத்தில் நியாயம் ஒன்றும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை: அவர்களுக்குத் தெருவில் நடக்கும் அவமானம், தாங்கள் செய்யாத ஒன்றுக்காக, புதிதாக வந்தவர்களோடு சேர்த்துக் குழப்பப்படுவதால் கூடியிருக்கிறது. அந்த வலி உண்மை. அதைப் போய் வந்தவர்கள் மீது இறக்கி வைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நம் பழைய கதையும் இதேதான். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், தன் உறவிலும் சாதியிலும் ஆள் பிடித்தார், ஆள் வேலை செய்த நாளுக்கு ஏற்பத் தலைக்காசு வாங்கினார். 1938இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்பு வேலைக்கு இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை அது நடந்தது. நம்பிக்கையும் ஊர்ப்பாசமும்தான் அந்த ஏற்பாட்டின் மூலதனம், அதே பாசம்தான் ஆட்களைக் கங்காணியின் பிடியிலும் வைத்திருந்தது. சிங்கப்பூரிலும் செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட்டில், துறைமுகத் தொழிலாளர்கள் தஞ்சோங் பகாரில், கடற்படைத் தளத்துக்காரர்கள் செம்பவாங்கில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்கள் தனி என்று அவரவர் வட்டம் இருந்தது. ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பமும் ஒரு துறைமுகக் குடும்பமும் சம்பந்தம் பேசுவது அந்தக் காலத்தில் சுலபமில்லை.

இங்குள்ள தமிழர்களின் தலைவராக இருந்த பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணியின் வேலையை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இதுதான். 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் அவர் முன்னணியில் நின்றார், 1935இல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கினார், 1952இலிருந்து சாதி, மதம் பார்க்காமல் எல்லாரும் கூடும் தமிழர் திருநாளை நடத்தினார், ஐம்பதுகளில் தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதியச் சொல்லி ஓயாமல் எழுதினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டியபோது, தங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்ப்பார்களா என்றே தெரியாத தொழிலாளர்கள் வெள்ளி கொடுத்தார்கள். அவர் புதிதாக ஒற்றுமையைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததில் எதை எண்ணுவது என்பதை மாற்றினார், கோட்டைத் தள்ளி வரைந்தார்.

ஆனால் கோட்டை எவ்வளவு தள்ளி வரைந்தாலும் வெளியே ஒருவர் இருப்பார். பிரிட்டனில் மார்க் லெவின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டும். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை அழைத்துத் தங்கள் அணியைப் பற்றி எழுதச் சொல்லி, வேறு கட்டடத்துக்கு நடந்துபோகச் சொன்னார்கள். வழியில் ஓடிவரும் ஒருவர் தடுக்கி விழுவார், அவர் நடிகர். அவர் மான்செஸ்டர் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலோர் ஓடிப்போய் உதவினார்கள், பரம எதிரியான லிவர்பூல் சட்டை போட்டிருந்தால் உதவியவர்கள் குறைவு. அடுத்த முறை, உங்கள் அணியைப் பற்றி வேண்டாம், கால்பந்து ரசிகராக இருப்பதைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவி கிடைத்தது. எந்த அணியின் சட்டையும் போடாமல் விழுந்தவருக்கு மட்டும் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. நம்பிக்கை தரும் செய்தியும் கவலை தரும் செய்தியும் ஒரே சோதனையில் இருக்கிறது. எல்லை நகரும். ஆனால் நகர்த்தியதோடு வேலை முடிந்துவிடாது.

அதனால் மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல் விதிகள் வேண்டும் என்கிற பக்கம் நான். சிங்கப்பூர் அரசாங்கம் இதைப் பல காலமாகச் செய்துவருகிறது. 1989இலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. இந்தியர்களும் மற்ற இனத்தவரும் ஒரு பேட்டையில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடுவரை இருக்கலாம் என்பது 2010இலிருந்து உள்ள அளவு. இதற்குத் தேவை ஏன் வருகிறது என்பதைத் தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் 1971இல் காட்டினார்: பக்கத்து வீடுகளில் மூன்றில் ஒன்றாவது நம்மவராக இருந்தால் போதும் என்று மிதமாக ஆசைப்படும் மக்கள்கூட, ஆளாளுக்கு இடம் மாறிக்கொண்டே போனால் கடைசியில் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து நிற்பார்கள். யாரும் அந்த முடிவை விரும்பியிருக்கமாட்டார்கள். கொள்கைக்கு விலை இருக்கிறது. சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் இந்தியரோ மலாய்க்காரரோ வீட்டை விற்கப்போனால் சீனர்களுக்கு விற்க முடியாது, வாங்க வருபவர்கள் குறைவு, விலையும் இறங்கும். இந்தச் சிரமத்தை அரசாங்கமே ஒப்புக்கொண்டு, விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கும் ஏற்பாட்டை 2022இல் கொண்டுவந்தது. எல்லாரும் ஒரே மின்தூக்கியில் போய்வரும் நன்மைக்குச் சிறுபான்மையினரே கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்றால், அந்த விலையை ஈடுகட்டுவது நாட்டின் கடமை, சலுகை அல்ல.

வேலை விஷயத்தில் 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் முறையை என் வேலையில் தினமும் பார்க்கிறேன். வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி கேட்டால் 40 புள்ளி எடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதி, நிறுவனத்தின் நிபுணர், நிர்வாகப் பணியாளர்களில் அந்த ஆளின் நாட்டவர் எத்தனை விழுக்காடு என்பது. 5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் 20 புள்ளி, 25 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றுமில்லை. ஒரு மேலாளர் தன் ஊரிலிருந்தே ஆள் ஆளாகக் கொண்டுவந்து நிரப்பினால் அடுத்த ஆளுக்குப் பாஸ் வாங்குவது கடினமாகும். யாருடைய மனத்தையும் ஆராயாமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதால் இந்த விதி எனக்குப் பிடிக்கிறது. ஆனால் இது நாட்டை மட்டுமே பார்க்கிறது, ஒரே கல்லூரி, ஒரே மொழி, ஒரே சாதி என்று நடக்கும் சேர்க்கையை இதனால் பிடிக்க முடியாது. சாதி இங்கே எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் இருவரும் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியோடு வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பம் அனுப்பிப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு நேர்முக அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சூழலில் பழகிய மேலாளர்கள் விமானம் ஏறி இங்கே வரும்போது பழக்கத்தைச் சாங்கி விமான நிலையத்தில் இறக்கி வைத்துவிட்டு வருவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் நான் விடாமல் கேட்டுக் கொண்டுவந்த மாற்றங்கள் சாதாரணமானவை. கேள்விகளையும் மதிப்பெண் அளவையும் நேர்முகத்துக்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும். மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். முதல் சுற்றில் பெயரும் படமும் தெரியக் கூடாது. ஊழியர் பரிந்துரைத்து வந்தவரின் விண்ணப்பமும் மற்றவற்றோடு அதே கட்டில் போக வேண்டும். கடைசி விஷயத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். பரிந்துரையில் வந்தவர்கள் நிலைத்து நிற்கிறார்கள், சீக்கிரம் வேலையை விடுவதில்லை என்றார் கிடங்கு மேலாளர். உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் யாரும் நிலைத்து நிற்பார்கள். அப்படித் தெரிந்தவர் யாருமில்லாமல் வந்தவருக்கு அந்தத் துணையை நிறுவனம் கொடுக்கலாமே என்றேன். இப்போது புதிதாகச் சேரும் ஒவ்வொருவரோடும் ஒரு பழைய ஊழியரை முதல் மாதங்களுக்குச் சேர்த்துவிடுகிறோம், அதுவும் வேறு பிரிவிலிருந்து.

"நம்ம ஆளுக்கு நாம செய்யாம" என்ற கேள்விக்கு வருகிறேன். செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஊர்ச் சங்கத்தில் படிப்புதவி கொடுப்பது, கோயிலில் அன்னதானம், புதிதாக வந்தவனுக்கு வங்கிக் கணக்கு திறக்கத் துணை போவது, விடுதியில் இருக்கும் தொழிலாளிக்குத் தமிழில் படிவம் நிரப்பிக் கொடுப்பது, இதெல்லாம் இல்லாமல் எந்தக் குடியேறிய சமூகமும் கால் ஊன்றியதில்லை. அங்கே கொடுப்பது உங்கள் பணம், உங்கள் நேரம். கம்பெனியின் வேலை உங்களுடையது இல்லை. பதவி உயர்வுப் பட்டியல் உங்களுடையது இல்லை. அதைக் கையில் வைத்திருக்கும்போது பிரியத்துக்கு இடம் கொடுத்தால், இன்னொருவருக்குச் சேர வேண்டியதை எடுத்து நம்மவருக்குக் கொடுக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் சுற்றும் வேலை அறிவிப்புகளைப் பற்றியும் இதே எண்ணம்தான் எனக்கு, குழுவில் போடுங்கள், அதோடு எல்லாரும் பார்க்கும் இடத்திலும் போடுங்கள்.

வீடுதான் சிக்கலான இடம், ஏனென்றால் அது சொந்தச் சொத்து. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் இனம், சமயம், மொழித்திறன், வயது, நாட்டுரிமை, உடற்குறை போன்ற காரணங்களால் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுப்பதற்கானது. 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு, அது எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. வாடகை வீட்டுக்கு இந்தச் சட்டம் வராது. முகவர்கள் இனத்தைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்யக் கூடாது என்ற நெறிமுறை இருக்கிறது, வீட்டுக்காரர் யாரை வைத்துக்கொள்கிறார் என்பதில் யாரும் தலையிடுவதில்லை. ஈசூன் பெரியவர் போலத் தான் வசிக்கும் வீட்டில், தன் சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அவரோடு பேசிப் பார்க்கத்தான் முடியும், பேசிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் தான் குடியிருக்காத முழு வீட்டையும் முதலீடாக வாடகைக்கு விடுபவர் நடத்துவது ஒரு தொழில். வேலை கொடுப்பவருக்கு என்ன விதியோ அதுவே அவருக்கும் இருக்க வேண்டும். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், கூடவே அறை தேடி அலைந்த மூன்று பிள்ளைகளின் அனுபவத்தையும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்திருக்கிறேன், அதில் ஒருவன் அந்தப் பாட்னாப் பையன்.